செல்போன் பேட்டரி பழுது: வாங்கினவருக்குச் சேதி சொல்வது யார்?

கம்பெனி அறிவிக்கிறது... கடைக்காரருக்குத் தெரியாது... சிம் கம்பெனி வாய் திறப்பதில்லை!

திருவண்ணாமலை:—

பவுர்ணமி இரவு. கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். லட்சக்கணக்கில் ஜனங்கள் நடக்கிறார்கள். ஏறக்குறைய எல்லார் கையிலும் செல்போன். பலர் பையில் கூடவே ஒரு பவர் பேங்க்.

பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து போகும். டீக்கடை பக்கம் ஒதுங்கி, "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் சார்ஜ் போட்டுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்குக் குறைவே இல்லை. கடைக்காரரும் முகம் கோணாமல் ஒயரை நீட்டுகிறார். அது எந்த போன், என்ன பேட்டரி என்று அவர் பார்ப்பதில்லை. பார்த்தாலும் தெரியாது.

அக்னி ஸ்தலம் என்று பேர் பெற்ற ஊர் இது. மலை மேல் எரியும் தீபத்தைக் கும்பிட ஊர் ஊராக வருகிறார்கள். சட்டைப் பைக்குள் இருக்கும் நெருப்பைப் பற்றி மட்டும் யாருக்கும் கவலை இல்லை.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த போனின் பேட்டரியில் பழுது என்று தயாரித்த கம்பெனி நாளைக்கே அறிவிக்கிறது. "திருப்பிக் கொடுங்கள், புதிது தருகிறோம்" என்கிறது. சரி. அந்தச் சேதியைப் போளூர் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும், செங்கத்திலிருந்து தினம் பஸ்சில் வரும் குமாஸ்தாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?

இந்தக் கேள்விக்கு இன்று வரை உருப்படியான பதில் கிடையாது!

2007-ல் நாடே கிடுகிடுத்தது

கேள்வி புதிது இல்லை. 2007-ம் வருஷம் ஆகஸ்டு 14-ந் தேதி நோக்கியா கம்பெனி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. பி.எல்-5சி என்ற ரகப் பேட்டரியில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சந்தேகத்துக்கு உரியவை; சார்ஜ் ஏறும்போது உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகி அளவுக்கு மீறிச் சூடாகலாம்; வேண்டுவோருக்கு இலவசமாக மாற்றித் தருகிறோம் என்பதே அறிவிப்பு.

அந்தப் பேட்டரிகளைச் செய்தது ஜப்பான் நாட்டு மட்சுஷிதா கம்பெனி. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்யப்பட்டவை. உலகம் முழுவதிலும் சுமார் 100 பேட்டரிகள் சூடானதாகத் தகவல் வந்திருந்தது. யாருக்கும் பலத்த காயம் இல்லை என்றும் கம்பெனி சொன்னது.

ஒளிவு மறைவு இல்லாத அறிவிப்புதான். அதில் குறை சொல்ல ஏதும் இல்லை. ஆனால் நம் நாட்டில் நடந்தது என்ன?

அப்போது இந்தியாவில் நோக்கியா ராஜ்ஜியம். டார்ச் லைட் வைத்த 1100 போன் இல்லாத தெருவே கிடையாது. அதில் கிடந்ததும் பி.எல்-5சி பேட்டரிதான். "நோக்கியா போன் வெடிக்குதாம்" என்று எஸ்.எம்.எஸ். பறந்தது. எந்த மாதம் செய்தது, யார் செய்தது என்ற விவரம் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோனது. "வெடிக்குதாம்" என்ற ஒரு சொல் மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது!

கடைகளிலும் சர்வீஸ் சென்டர்களிலும் கூட்டம் மொய்த்தது. பல கம்பெனிகள் செய்து கொடுத்த பி.எல்-5சி பேட்டரிகள் மொத்தம் 30 கோடிக்கு மேல். அதில் சந்தேகத்துக்கு உரியவை 4 கோடியே 60 லட்சம். அதாவது ஆறில் ஒன்று கூட இல்லை. ஆனால் ஆறு பேரும் பயந்தார்கள்.

26 எழுத்து ஜாதகம்

தன் பேட்டரி நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள வழி இருந்தது. பேட்டரியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 26 எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளம் அச்சிட்டிருக்கும். அதைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

2007-ல் சின்ன ஊரில் இணையம் வேண்டும் என்றால் பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டும். 26 எழுத்தில் ஒன்று தப்பினாலும் பலன் இல்லை. கண் சரியாகத் தெரியாத பெரியவர் என்ன செய்வார்? கடைக்காரத் தம்பியிடம் போனை நீட்டி, "பார்த்துச் சொல்லுப்பா" என்பார். அந்தத் தம்பிக்குக் கம்பெனியில் இருந்து காகிதம் எதுவும் வந்திருக்காது.

மேலே அறிவிப்பு, கீழே வதந்தி. நடுவே பாலம் இல்லை. 2007 கற்றுக் கொடுத்த பாடம் இதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

செல்போன் பேட்டரி லித்தியம் ரகம். உள்ளே இரண்டு தகடுகள். இரண்டும் ஒட்டாமல் இருக்க நடுவே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. தொழிற்சாலையில் ஒரு உலோகத் துகள் உள்ளே விழுந்தாலோ, ஓரம் மடங்கினாலோ, சவ்வு கிழிந்து இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும். சூடு கிளம்பும். அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பும். உள்ளே இருக்கும் திரவம் தீப்பற்றக் கூடியது. பிறகு கேட்கவா வேண்டும்!

வாங்கியவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் இந்தப் பழுதை வெளியே இருந்து கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும்.

பேட்டரித் தீ எவ்வளவு கொடியது என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். 2022 மார்ச் மாதம் பக்கத்து வேலூரில், இரவு சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டி அப்பாவும் மகளும் பலியானார்கள். நாட்டின் வேறு ஊர்களிலும் அப்போது ஸ்கூட்டர்கள் எரிந்தன. அடுத்த மாதமே ஒகினாவா கம்பெனி 3,215 ஸ்கூட்டர்களையும், ஓலா கம்பெனி 1,441 ஸ்கூட்டர்களையும் சோதனைக்குத் திரும்ப அழைத்தன.

செல்போன் பேட்டரி அளவில் சிறியது. ஆனால் அது தலையணை பக்கத்தில் கிடக்கிறது. குழந்தை கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் சிம் கம்பெனி பட்ட பாடு

அமெரிக்காவில் பெரும்பாலும் போனை விற்பதே சிம் கம்பெனிதான். மாதத் தவணையில் போனும் இணைப்பும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதனால் பழுது என்றால் அவர்கள் தப்பிக்க முடியாது.

2004-ம் வருஷம் வெரைசான் என்ற சிம் கம்பெனி, தான் விற்ற சுமார் 50 ஆயிரம் போலி எல்.ஜி. பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. தன் மூலம் போன பேட்டரியே போலி என்று அதுவே வெளியில் சொல்ல வேண்டி வந்தது!

2016-ல் வந்தது பெரிய விவகாரம். சாம்சங் கம்பெனி ஆகஸ்டு 19-ல் நோட் 7 என்ற உயர்ந்த ரக போனை வெளியிட்டது. சில நாட்களிலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தீப்பிடித்தது. செப்டம்பர் 2-ல் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாகக் கம்பெனி அறிவித்தது. மாற்றிக் கொடுத்த புதுப் போனும் புகைந்தது! அக்டோபரில் அந்த ரகத்தையே கைவிட்டார்கள். இரண்டு கம்பெனிகளிடம் வாங்கிய பேட்டரி. இரண்டிலும் தனித்தனிப் பழுது என்று 2017 ஜனவரியில் ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியும் சிலர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சார்ஜே ஏறாதபடி செய்யும் ஒரு மாற்றத்தை நெட்வொர்க் வழியாக அனுப்பப் போவதாக 2016 டிசம்பர் 9-ல் சாம்சங் சொன்னது. வெரைசான் "அனுப்ப மாட்டோம்" என்று மறுத்தது. பண்டிகைக் காலம், ஊர்ப் பயணத்தில் இருப்பவருக்கு அவசரத்துக்கு வேறு போன் இல்லாமல் போய்விடும் என்பது அதன் வாதம். மற்ற கம்பெனிகள் அனுப்ப ஒப்புக்கொண்டன. ஜனவரி வந்ததும் வெரைசானும் இறங்கி வந்தது.

யார் பக்கம் நியாயம் என்பதில் இரண்டு பேச்சு இருக்கலாம். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. "அனுப்புவோம்", "மாட்டோம்" என்ற இரண்டையும் அந்தக் கம்பெனிகள் பகிரங்கமாகச் சொன்னன. போன் வைத்திருந்தவருக்கு நிலவரம் தெரிந்தது.

இங்கே? மூச்!

நம் ஊரில் போன் ஒரு கடை. சிம் இன்னொரு கடை. பழுது பேட்டரி என்றால் சிம் கம்பெனி, "அது எங்கள் சரக்கு இல்லை" என்று ஒதுங்கிக்கொள்ள முடிகிறது. ரீசார்ஜ் முடியப் போகிறது என்று ஒரு வாரம் முன்பே நச்சரிக்கத் தெரிகிறது. பாட்டு வேண்டுமா, கிரிக்கெட் வேண்டுமா என்று கேட்கத் தெரிகிறது. "உங்கள் போன் ரகத்தைக் கம்பெனி திரும்பக் கேட்கிறது" என்று சொல்லும் பழக்கம் மட்டும் வரவில்லை.

நோட் 7 போன் இந்தியக் கடைக்கு வரும் முன்பே விற்பனை நிறுத்தப்பட்டது. அதனால் தப்பித்தோம். ஆனாலும் விமானத்தில் அதை உபயோகிக்கவும் சார்ஜ் போடவும் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்ககம் அறிவித்தது. அதே செப்டம்பரில் சிங்கப்பூரில் இருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில் ஒரு பையில் இருந்து புகை வந்தது. பார்த்தால் உள்ளே பழைய நோட் 2 போன். ஊழியர்கள் அணைத்து, தண்ணீரில் போட்டார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது.

இன்னொன்று. சில சமயம் சிம் கம்பெனியே போனும் விற்றிருக்கிறது. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்த் திட்டம் கொண்டுவந்தது. 2017-ல் ஜியோ 1,500 ரூபாய் டெபாசிட்டுக்குப் பட்டன் போன் அறிவித்தது. அப்படி விற்றால் சிம் கம்பெனியும் விற்பனையாளர்தான். "எங்கள் சரக்கு இல்லை" என்ற பேச்சு அங்கே செல்லாது.

பட்டியல் யார் கையில்?

யாரிடம் என்ன போன் இருக்கிறது என்று தயாரித்த கம்பெனிக்கு முழுசாகத் தெரியாது. பெட்டியை மொத்த வியாபாரிக்கு விற்றதோடு சரி. கடைக்காரர் பில்லில் பேர் எழுதினால் உண்டு. பழைய போன் கைமாறினால் அதுவும் போச்சு.

சிம் கம்பெனிக்குத் தெரியும்! ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. போன் டவரைத் தொட்டதும் அந்த எண் நெட்வொர்க்குக்குப் போகிறது. எந்த சிம் எந்த ரகப் போனில் ஓடுகிறது என்று அங்கே பதிவாகிறது. போன் பத்து கை மாறினாலும், இன்று வைத்திருப்பவர் யார் என்று அந்தப் பதிவில் இருந்து எடுக்க முடியும்.

தொலைந்த போனை நாடு முழுவதும் முடக்க, இந்த எண்ணை வைத்தே மத்திய சர்க்கார் 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி என்ற வசதியைக் கொண்டுவந்தது. காணாமல்போன போன்களைப் போலீசார் கண்டுபிடித்து உரியவரிடம் ஒப்படைத்ததாக அடிக்கடி சேதி வருகிறதே, அதற்கும் இந்த எண்தான் ஆதாரம். அதே 2023-ல், வெள்ளம் புயல் எச்சரிக்கைக்காக எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, நினைவு இருக்கிறதா? சோதனை என்று சொன்னார்கள். ஜனங்கள் பயந்தே போனார்கள்.

திருட்டுப் போனைத் தேட முடிகிறது. புயல் வந்தால் ஊரையே எழுப்ப முடிகிறது. பழுதுப் போன் வைத்திருப்பவருக்கு ஒரு வரி அனுப்ப முடியாதா? 2007-ல் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். போன் எண்ணை வைத்து பேட்டரியைச் சொல்ல முடியாது. இப்போது பெரும்பாலான போன்களில் பேட்டரி உள்ளேயே ஒட்டி வருகிறது. போன் எண் தெரிந்தால் பேட்டரி ஜாதகமும் தெரியும்.

வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியே தரலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பட்டியலைப் போன் கம்பெனிக்குத் தர வேண்டியதே இல்லை. போன் கம்பெனி பழுது எண்களைக் கொடுக்கட்டும். சிம் கம்பெனி தானே பொருத்திப் பார்த்துத் தானே சேதி அனுப்பட்டும். ரகசியம் அங்கேயே இருக்கும்.

மோசடிக்காரர்களும் இதைச் சாக்காக வைத்துப் பொய்ச் சேதி அனுப்புவார்கள் என்ற பயமும் உண்டு. அதற்கும் வழி உண்டு. சேதியில் லிங்க் எதுவும் இருக்கக் கூடாது. "பக்கத்து சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேளுங்கள்" என்று தமிழில் நாலு வரி போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வண்டிகளுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பழுது வண்டிகளைத் திரும்பப் பெறும்படி சர்க்கார் உத்தரவு போடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் நடப்பில் உள்ளன.

செல்போனுக்கு என்று அப்படித் தனி ஏற்பாடு கிடையாது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் கை கொடுக்க வேண்டும். அதன் 20-வது பிரிவின்படி, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது 86-வது பிரிவு. தயாரித்தவர் சொன்ன எச்சரிக்கையை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டு, அதனால் கேடு நேர்ந்தால் விற்றவரும் பொறுப்பு. தயாரித்தவர் யார் என்றே தெரியாத சரக்கு என்றால், நஷ்ட ஈட்டுக் கேள்வி நேராகக் கடைக்குத்தான் வரும்!

"பேட்டரி உப்பியிருக்குண்ணே" என்று வருபவருக்கு, பேர் ஊர் இல்லாத மலிவுப் பேட்டரியைப் போட்டு அனுப்பும் கடைக்காரர் இதை யோசிக்க வேண்டும். அந்தப் பேட்டரி நாளை புகைந்தால் திரும்பப் பெற எந்தக் கம்பெனியும் வராது. கம்பெனியே இல்லையே! பேட்டரிக்கும் பவர் பேங்குக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். சரக்கின் மேல் அந்த முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண் நிஜமா என்று பார்க்கலாம்.

பவர் பேங்க் விஷயமும் லேசுப்பட்டது இல்லை. 2025 ஜூனில் ஆங்கர் என்ற பேர் பெற்ற கம்பெனி, அமெரிக்காவில் மட்டும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பவர் பேங்குகளைத் திரும்பப் பெற்றது. பவர் பேங்கில் சிம் கிடையாது. யார் கையில் இருக்கிறது என்று எந்த நெட்வொர்க்குக்கும் தெரியாது. அங்கே கடைக்காரரின் பில்லும் போன் நம்பரும்தான் ஒரே பிடி.

வாங்கினவர் செய்ய வேண்டியது

* பில் கேட்டு வாங்குங்கள். போன் வாங்கினாலும் சரி, பேட்டரி மாற்றினாலும் சரி.

* ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அடித்தால் 15 இலக்க எண் வரும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

* போன் முதுகு உப்பினால், திரை தூக்கினால், கை பொறுக்காத சூடு வந்தால் சார்ஜ் போடாதீர்கள். அழுத்திப் பார்க்கவும், ஊசியால் குத்தவும் வேண்டாம். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டாம்.

* கடையிலும் கம்பெனியிலும் தட்டிக் கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். சரக்கு எங்கே வாங்கினாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது.

இதெல்லாம் வாங்கினவர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் வழிகள். பழுது என்று தெரிந்தவர்கள் வாய் திறக்க வேண்டிய கடமை இதனால் தீர்ந்துவிடாது. தயாரித்த கம்பெனி அறிவிக்க வேண்டும். கடைக்காரர் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். பட்டியலைக் கையில் வைத்திருக்கும் சிம் கம்பெனி, உரியவருக்கு உடனே ஒரு சேதி அனுப்ப வேண்டும். அனுப்பத்தான் வேண்டும் என்று சர்க்கார் ஒரு விதி போட்டால் விஷயம் முடிந்தது.

கார்த்திகை அன்று மலை உச்சியில் தீபம் ஏற்றினால் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு எல்லாம் தெரிகிறது. போய்ச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. பழுதுப் பேட்டரி சேதியும் அப்படித் தெரிய வேண்டும் என்பதே செல்போனும் கையுமாக அலையும் ஜனங்களின் எதிர்பார்ப்பு.